ஆழம் தெரியாமல் காலை விடுவது எப்படி?

வாழ்த்துகள். மைக்ரோபயாலஜியோ பார்மசியோ பிசியோதெரபியோ படித்து, வேலைக்கு அலைந்து, கடைசியில் யாரோ ஒரு சீனியர் பேச்சைக் கேட்டு மெடிக்கல் கோடிங்குக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள். அமெரிக்காவில் ஓஹையோவிலோ டெக்சஸிலோ ஒருவருக்குக் கால் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது. அங்கே ஒரு சர்ஜன் தொடை இடுக்கில் ஊசி குத்தி, கம்பி நுழைத்து, பலூன் ஊதி, தேவையானால் ஸ்டென்ட் வைத்து, நடந்ததை நாலு பக்கத்துக்கு எழுதிவைக்கிறார். அந்த நாலு பக்கம் சென்னை ஓஎம்ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உங்கள் திரையில் வந்து நிற்கிறது. அதை ஐந்து இலக்க எண்களாக, அதாவது கோடுகளாக மாற்றி அனுப்ப வேண்டியது நீங்கள். அந்த எண்களைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் பணம் தரும், அல்லது தராது.

இதைச் சரியாகச் செய்யக் கற்றுத்தர ஊரெல்லாம் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. கெடுப்பதற்குத்தான் முறையான பயிற்சி எங்கும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கையேடு. பயம் வேண்டாம். இதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள். மீதியை ஒரு டீ பிரேக்கில் முடித்துவிடலாம்.

1. படிக்காதீர்கள்

அந்த நாலு பக்க ஆபரேட்டிவ் நோட்டின் உச்சியில் 'செய்த சிகிச்சைகள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே டாக்டர் விவரித்திருக்கும் மூன்று பக்கமும் அவருடைய மன நிம்மதிக்காக எழுதியவை. தலைப்பை நம்பாதே, உள்ளே படித்துக் கோடு போடு என்று டிரெய்னிங்கில் முதல் வாரமே சொன்னார்கள். முதல் வாரம் சொன்னது எதுதான் நினைவில் நிற்கிறது?

பல சமயம் அந்தத் தலைப்புப் பட்டியல் ஒரு டெம்ப்ளேட். போன நோயாளிக்கு இருந்தது இந்த நோயாளிக்கும் அப்படியே இருக்கும். உள்ளே மூன்றாம் பக்கத்தில், 'பலூனுக்குப் பிறகு ரத்த ஓட்டம் நன்றாக உள்ளது, ஸ்டென்ட் தேவைப்படவில்லை' என்று ஒரு வரி வரும். நீங்கள் கண்ட்ரோல் எஃப் அழுத்தி 'ஸ்டென்ட்' என்று தேடுங்கள். அந்தச் சொல் மஞ்சளாக மின்னும். 'தேவைப்படவில்லை' மின்னாது. அதைத்தான் நீங்கள் தேடவே இல்லையே. போடுங்கள் 37226. ஸ்டென்ட். அந்த மனிதரின் தொடையில் இல்லாத ஓர் உலோகக் குழாய் இனி அவருடைய காகிதங்களில் வாழ்நாள் முழுக்க இருக்கும்.

அடைப்பு எவ்வளவு என்பதையும் படிக்க வேண்டாம். எழுபது சதவீதக் குறுகலா, துளி ரத்தம்கூடப் போகாத முழு அடைப்பா என்று டாக்டர் மெனக்கெட்டு எழுதியிருப்பார். பலூன் பலூன்தான். தொடையில் ஊதினால் இரண்டுக்கும் 37224தான். நாள்பட்ட முழு அடைப்புக்கு ஐ70.92 என்று கூடுதலாக ஒரு நோய்க்குறி எண் இருக்கிறது, அதை விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இந்த அலட்சியத்தை மட்டும் பத்திரமாக வளர்த்து வையுங்கள். கடைசிப் படியில் தேவைப்படும்.

2. வரைபடத்தைச் சுருட்டி வையுங்கள்

வயிற்றில் இறங்கும் பெருந்தமனி தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு பக்கமும் முதலில் இலியாக். தொடை இடுக்கைத் தாண்டினால் பெமொரல். முழங்காலுக்குப் பின்னால் பாப்லிட்டியல். அதற்குக் கீழே ஆன்டீரியர் டிபியல், போஸ்டீரியர் டிபியல், பெரோனியல் என்று மூன்று. குழாய் என்னவோ ஒரே குழாய்தான், போகப்போகப் பெயர் மாறுகிறது.

கோடு புத்தகம் இதை மூன்று பகுதிகளாகக் கட்டிவைத்திருக்கிறது. இலியாக் பகுதியில் மூன்று குழாய்கள்: காமன், இன்டர்னல், எக்ஸ்டர்னல். முழங்காலுக்குக் கீழே மூன்று குழாய்கள். இந்த இரண்டு பகுதிகளிலும் முதல் குழாய்க்கு ஓர் எண், அடுத்தடுத்த குழாய்களுக்குத் துணை எண். நடுவில் இருக்கும் பெமொரல்-பாப்லிட்டியல் மட்டும் விசித்திரம். தொடை இடுக்கு முதல் முழங்கால் வரை எத்தனை பெயர் இருந்தாலும், எத்தனை இடத்தில் அடைத்திருந்தாலும், ஒரு காலுக்கு ஒரே குழாய்க் கணக்கு. ஒரே எண். துணை எண் கிடையாது.

நீங்கள் இதை ஒப்புக்கொள்ளாதீர்கள். தொடையில் ஒரு ஸ்டென்ட், முழங்காலுக்குப் பின்னால் ஒரு ஸ்டென்ட் என்றால் 37226 இரண்டு தடவை. மவுண்ட் ரோட்டுக்கு ஒரு டிக்கெட், அண்ணா சாலைக்கு இன்னொரு டிக்கெட் கிழிக்கும் கண்டக்டரை எந்தப் பயணியாவது சும்மா விடுவாரா என்று யோசிக்க வேண்டாம். இங்கே பயணி மயக்கத்தில் இருக்கிறார்.

இன்னும் தைரியம் உள்ளவர்களுக்கு ஒரு மேல்நிலைப் பயிற்சி. முழங்காலுக்குக் கீழே டிபியோபெரோனியல் டிரங்க் என்று ஒரு சின்னத் துண்டு உண்டு. கிளைகள் பிரியும் முன் இருக்கும் கட்டை. அதைத் தனிக் குழாயாக எண்ணக் கூடாது என்று புத்தகம் சொல்கிறது. எண்ணுங்கள். பெயர் நீளமாக இருக்கிறது, அதுவே போதும். இலியாக்கில் தொடங்கித் தொடைக்குள் நீளும் ஒரே அடைப்பை ஒரே ஸ்டென்டால் மூடியிருந்தால் ஒரு எண்தான் என்றும் சொல்கிறது. எல்லை தாண்டிய குற்றத்துக்கு இரண்டு எண் போடுங்கள்.

3. சாப்பாட்டுக்குத் தனி, இலைக்குத் தனி

அடுத்த வளர்ச்சி இது. ஹோட்டலில் சாப்பாடு என்று டோக்கன் வாங்கினால் சாம்பார், ரசம், மோர், அப்பளம், இலை எல்லாம் அதற்குள் அடக்கம். கால் ரத்தக்குழாய்க் கோடுகளும் 2011இல் அப்படித்தான் கட்டப்பட்டன. குத்தியது, கம்பி நுழைத்தது, கதீட்டர் குழாயை அடைப்பு வரை கொண்டுபோனது, அடைப்பைத் தாண்டியது, சிகிச்சைக்கு வழிகாட்டிய எக்ஸ்ரே படங்கள், முடிந்ததும் சரிபார்த்த படம், குத்திய ஓட்டையை மூடியது, எல்லாம் ஒரே எண்ணுக்குள்.

சிகிச்சைகளுக்குள்ளும் ஒரு படிநிலை இருக்கிறது. அதெரெக்டமி என்பது அடைப்பைச் சுரண்டியோ சீவியோ எடுப்பது. தொடையில் பலூன் மட்டும் 37224. சுரண்டல் 37225. ஸ்டென்ட் 37226. சுரண்டலும் ஸ்டென்டும் சேர்ந்தால் 37227. மூன்றும் செய்திருந்தாலும் 37227 ஒன்றே, பலூன் அதற்குள் அடக்கம்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்? மெனு கார்டு முழுவதையும் பில்லில் எழுதுங்கள். 37224, 37225, 37226. இலை போட்டதற்கு 36247, அதாவது கதீட்டர் குழாயை மூன்றாம் கிளை வரை தள்ளியதற்கு. தண்ணீர் தெளித்ததற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடிப்பாருங்கள். அல்ட்ராசவுண்ட் பார்த்துக் குத்தினேன் என்று டாக்டர் ஒரு வரி எழுதியிருந்தால் 76937. படத்தைச் சேமித்து வைத்திருக்க வேண்டும், குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்ததாகவும் எழுத வேண்டும் என்பது விதி. படம் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தால் இன்றைய புரொடக்ஷன் என்ன ஆவது?

இத்தகைய பில்களைப் பிடிக்க 1996 முதல் அமெரிக்க அரசின் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் ஒரு சல்லடை வைத்திருக்கிறது. எந்த எண்ணோடு எந்த எண் ஒன்றாக வரக் கூடாது என்று ஜோடி ஜோடியாகப் பட்டியல். உங்கள் பில் அதில் மாட்டி, சிஓ-97 என்ற முத்திரையோடு திரும்பி வரும். வேறொரு சேவைக்குக் கொடுத்த பணத்திலேயே இது அடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். கவலை வேண்டாம். மருந்து அடுத்த படியில்.

4. 59 என்னும் திருநீறு

எண்ணோடு ஒட்டும் துணைக்குறியான மாடிஃபையர் 59 என்பது, 'இந்த இரண்டும் உண்மையிலேயே வேறு வேறு இடத்தில், வேறு வேறு வேலையாக நடந்தவை' என்று நீங்கள் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். அதைப் போட்டால் சல்லடையின் பல கதவுகள் திறக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் பூசுங்கள். தலைவலிக்கும் திருநீறு, பரீட்சைக்கும் திருநீறு.

2015இல் மெடிகேர் கொஞ்சம் சலித்துப்போய், வேறு நேரமா, வேறு உறுப்பா, வேறு டாக்டரா, வழக்கத்துக்கு மாறானதா என்று குறிப்பாகச் சொல்ல எக்ஸ் வரிசையில் நான்கு மாடிஃபையர்களைக் கொண்டுவந்தது. அவற்றைப் பயன்படுத்தினால் ஏன் வேறு என்று யோசிக்க வேண்டிவரும். 59 யோசிக்கச் சொல்லாது.

5. படம் பார்த்ததற்கும் காசு

இந்தப் படி எனக்கு மிகவும் பிடித்தது. ஆடிட்டர்களுக்கும்தான்.

சிகிச்சைக்கு முன் டாக்டர் மருந்து செலுத்திப் படம் எடுப்பார். ஒரு காலுக்கு 75710, இரண்டு காலுக்கும் 75716. இதைத் தனியாகக் கேட்கலாமா? கேட்கலாம், சில நிபந்தனைகளோடு. முன்னால் எடுத்த கதீட்டர் ஆஞ்சியோகிராம் இருக்கக் கூடாது. இன்று எடுத்தது முழுமையான பரிசோதனையாக இருக்க வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் சிகிச்சை செய்யலாம் என்று முடிவெடுத்திருக்க வேண்டும். பழைய படம் இருக்கிறதென்றால், அது போதவில்லை என்றோ, அதன்பின் நோயாளியின் நிலை மாறிவிட்டது என்றோ டாக்டர் எழுதியிருக்க வேண்டும்.

நிஜத்தில் நடப்பது என்ன? போன மாதமே படம் எடுத்தாயிற்று. எந்தக் குழாயில் எவ்வளவு அடைப்பு என்பது தெரியும். இன்று எடுத்தது வழி பார்ப்பதற்கு மட்டும். ஆட்டோக்காரர் வழியில் நிறுத்தி டீக்கடையில் விலாசம் கேட்டதற்குத் தனியாக மீட்டர் போட்ட மாதிரி. ஆனால் நோட்டில் 'ஆஞ்சியோகிராம் எடுக்கப்பட்டது' என்ற வாக்கியம் இருக்கிறது. வாக்கியம் இருக்கிறதென்றால் கோடும் இருக்கிறது. 75716, ஒரு சிட்டிகை 59.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாரம் முழுக்க இதைச் செய்தேன். ஒவ்வொரு சார்ட்டின் முதல் பத்தியிலும், முந்தைய ஆஞ்சியோகிராமின் தேதி தெளிவாக எழுதியிருந்தது. முதல் பத்தி நோயாளியின் வரலாறு. வரலாறு எனக்குப் பள்ளியிலிருந்தே ஆகாது. வாரக் கடைசியில் குவாலிட்டி ஆள் அத்தனை சார்ட்டையும் அச்செடுத்து, தேதிகளைச் சிவப்பில் வட்டமிட்டு என் மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

6. குத்திய காலும் கோடு போட்ட காலும்

வலது காலுக்கு ஆர்டி, இடது காலுக்கு எல்டி. குழந்தைக்கும் தெரியும் என்கிறீர்கள். பொறுங்கள்.

இடது காலில் அடைப்பு என்றால் பல டாக்டர்கள் வலது தொடை இடுக்கில்தான் குத்துவார்கள். கம்பி மேலே ஏறி, பெருந்தமனி பிரியும் இடத்தில் திரும்பி, அந்தப் பக்கம் இறங்கும். நோட்டின் முதல் வரி 'வலது பெமொரல்' என்றுதான் தொடங்கும். நீங்கள் முதல் படியை ஒழுங்காகப் பயின்றவரானால் அந்த வரிக்கு மேல் படித்திருக்க மாட்டீர்கள். ஆர்டி போட்டு அனுப்புங்கள். சிகிச்சை நடந்த கால்தான் கணக்கு, குத்திய கால் கணக்கில்லை என்பதை இன்சூரன்ஸ் கண்டுபிடிக்க வழியில்லை. மூன்று மாதம் கழித்து நிஜமாகவே வலது காலில் சிகிச்சை நடந்து, 'இந்தக் காலுக்குத்தான் போன முறையே செய்தீர்களே' என்று அவர்கள் கேட்கும்வரை.

7. நோய்க்கு ஒரே பெயர்

எதற்காகச் செய்தார்கள் என்பதை ஐசிடி-10 எண்ணில் சொல்ல வேண்டும். அமெரிக்கா 2015 அக்டோபர் 1 அன்று இதற்கு மாறியதிலிருந்து எண்கள் பெருகிவிட்டன. கால் தமனி அடைப்புக்கு மட்டும் ஐ70.2 என்று ஒரு பெரிய குடும்பம்.

நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது. அது கிளாடிகேஷன். வலது கால் ஐ70.211, இடது கால் ஐ70.212, இரண்டும் ஐ70.213. ராத்திரி படுத்தால் பாதம் எரிகிறது, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டால்தான் கொஞ்சம் தூக்கம். அது ஓய்வு வலி, ஐ70.22 வரிசை. ஆறாத புண் என்றால் எந்தக் கால், எந்த இடம் என்று வேறு வரிசை. அழுகல் என்றால் ஐ70.26. ஒவ்வொரு எண்ணும் அந்த மனிதர் தன் காலை இழக்க இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. கூடவே சர்க்கரை நோய் இருந்தால், டாக்டர் இரண்டையும் தொடர்புபடுத்தி எழுதாவிட்டாலும்கூட, வேறு காரணம் என்று அவர் சொல்லாத வரை தொடர்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. இ11.51 போட வேண்டும்.

இவ்வளவும் உங்களுக்கு எதற்கு? ஐ73.9 போதும். 'வெளிப்புற ரத்தக்குழாய் நோய், விவரம் இல்லை'. மனப்பாடம் செய்ய எளிது, எல்லாருக்கும் பொருந்தும். கொஞ்சம் மனசாட்சி உறுத்தினால் ஐ70.219 போடுங்கள், 'எந்தக் கால் என்று குறிப்பிடவில்லை'. எந்தக் காலில் ஸ்டென்ட் வைத்தார்கள் என்பதற்கு மேலே எல்டி போட்டுவிட்டு, எந்தக் காலில் வலி என்று தெரியாது எனக் கீழே எழுதும் அழகு இருக்கிறதே, அதை ரசிக்கத் தனி மனசு வேண்டும்.

மருத்துவத் தேவை இல்லை என்று சிஓ-50 போட்டு இன்சூரன்ஸ் பணத்தை மறுக்கும். அந்த நோயாளி ராத்திரி காலைத் தொங்கப்போட்டுத் தூங்கியவர் என்பது நோட்டில் இருந்தது. அவர்களுக்கு அனுப்பிய எண்ணில் இல்லை.

எதிர்ப்பக்கம் வழுக்க விரும்புபவர்களுக்கும் வழி உண்டு. நடந்தால் வலி என்று டாக்டர் எழுதியதை ஓய்வு வலியாக உயர்த்துங்கள். பாஸாகும். உங்கள் கையெழுத்தோடு.

8. டாக்டரைக் கேட்காதீர்கள்

ஸ்டென்ட் எந்தக் குழாயில் என்று நோட்டில் இல்லை. கேள்வி அனுப்பலாம், க்வெரி என்பார்கள். அனுப்பினால் அந்தச் சார்ட் தொங்கும், உங்கள் எண்ணிக்கை குறையும், டீம் லீடர் எட்டிப்பார்ப்பார். ஆகவே ஊகியுங்கள். உங்களுக்கு அனாட்டமி தெரியும், அவர் எங்கே வைத்திருப்பார் என்றும் தெரியும்.

கேட்டே ஆக வேண்டுமென்றால் பதிலையும் சேர்த்துக் கேளுங்கள். 'டாக்டர், நீங்கள் அதெரெக்டமியும் செய்தீர்கள்தானே? அப்படியென்றால் 37227 கிடைக்கும்.' பணத்தைக் காட்டி, பதிலைத் திணித்துக் கேட்பது கூடாது என்பது இந்தத் தொழிலின் பால பாடம். டாக்டருக்கு அந்தப் பாடம் யாரும் நடத்தவில்லை. 'ஆம்' என்று டிக் அடித்துவிடுவார்.

9. கத்தி வைத்தால்

பைபாஸ் போன்ற திறந்த அறுவைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொடையிலிருந்து முழங்காலுக்கு நோயாளியின் சொந்தச் சிரையை வைத்தால் 35556, செயற்கைக் குழாய் என்றால் 35656. எதை வைத்தார்கள் என்று பார்க்காமல் காசு போட்டுப் பூவா தலையா பாருங்கள். காலிலிருந்தே சிரையை எடுத்ததற்குத் தனியாகக் கேளுங்கள், அது உள்ளடக்கம் என்பதால். அறுவைக்குப் பின் தொண்ணூறு நாள் கவனிப்பும் அந்தக் கட்டணத்தில் சேர்த்தி. பத்தாம் நாள் ரத்தக் கசிவுக்காக மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனால் மாடிஃபையர் 78. அதை மறந்துவிடுங்கள், இலவசமாகச் செய்த புண்ணியம் ஆஸ்பத்திரிக்கு.

10. பாரத்தை நண்பன் தலையில் இறக்குங்கள்

நீங்கள் அனுப்பிய பில் சில வாரங்கள் கழித்து மறுக்கப்பட்டு எங்கே வரும் தெரியுமா? பல சமயம் அதே கட்டடத்தின் இன்னொரு மாடிக்கு. சாயங்காலம் நீங்கள் இறங்கும் லிஃப்டில், நைட் ஷிஃப்டுக்கு ஏறுகிறானே, கல்லூரியில் உங்கள் பக்கத்து பெஞ்சுக்காரன், அவன் ஏஆர் காலர். ராத்திரி இரண்டு மணிக்கு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, ஒரே இசையை முக்கால் மணி நேரம் கேட்டு, கடைசியில் எடுத்த அம்மாவிடம் அமெரிக்க உச்சரிப்பில் கெஞ்சுவான். 'ஏன் மேடம் மறுத்தீர்கள்?' 'உங்கள் மாடிஃபையர் தவறு.' அவன் ஒரு குறிப்பு எழுதி உங்கள் டீமுக்கு அனுப்புவான். நீங்கள் அதற்கும் ஒரு 59 போட்டுத் திருப்பி அனுப்புங்கள். நட்பு இப்படித்தான் நீடிக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு இத்தனை சார்ட், தவறு ஐந்து சதவீதத்துக்குள் என்று இலக்கு வைக்கும் இடங்களில் இதுவே நியாயம். ஆடிட்டில் உங்களைப் பிடிப்பவர் எடுக்கும் சாம்பிள் சின்னது. அதில் வராத சார்ட்டெல்லாம் நீங்கள் சரியாகச் செய்தவை.

11. அடுத்தவர் காலைப் பார்க்காதீர்கள்

இந்தப் படிக்கு மட்டும் கொஞ்சம் மன உறுதி வேண்டும்.

1964 ஜனவரி 16. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் 82 வயதுப் பெண்மணி ஒருவரின் பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுக்க வேண்டும் என்றார்கள், அவர் மறுத்துவிட்டார். சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர், கத்தி வைக்காமல், ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களை உள்ளே நுழைத்து, தொடைத் தமனியின் குறுகலை விரித்தார். பலூன்கூட அப்போது கிடையாது. கால் சூடேறியது. அந்தப் பெண்மணி தன் இரண்டு காலாலும் நடந்துதான் மிச்ச வாழ்வை முடித்தார். இதயத்துக்கு ஆஞ்சியோபிளாஸ்டி வரும் முன்பே காலுக்கு வந்துவிட்டது. நீங்கள் போடும் அத்தனை எண்ணுக்கும் மூதாதை அந்த ஒரு கால்.

இனி இன்னொரு கதை. 2008இல் மெடிகேர், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் டாக்டரின் சொந்த அலுவலகத்திலேயே இந்தச் சிகிச்சையைச் செய்வதை ஊக்குவிக்கக் கட்டணத்தை மாற்றி அமைத்தது. நல்ல நோக்கம்தான். அலுவலகத்தில் சுரண்டிச் செய்யும் அதெரெக்டமிக்கு, வெறும் பலூனைவிடப் பல ஆயிரம் டாலர் கூடுதல். அதன்பின் சுரண்டல் பெருகிய கதை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நடந்தால் வலி என்று வருபவருக்கு முதலில் நடைப்பயிற்சியும் மருந்தும் புகைப்பதை நிறுத்துவதும்தான் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நடைப்பயிற்சியில் சுரண்ட ஒன்றுமில்லை. 2023இல் நியூயார்க் டைம்ஸும் புரோபப்ளிகாவும், தேவையில்லாமல் மறுபடி மறுபடி செய்த சிகிச்சைகளையும், அதன்பின் கால்களை இழந்தவர்களையும் பற்றி வரிசையாக எழுதின.

நோயாளிக்குத் தெரியாது. இன்சூரன்ஸுக்குத் தாமதமாகத் தெரியும். ஒரே பெயர், ஒரே கால், நடந்தால் வலி, 37225. ஆறு வாரம் கழித்து மறுபடி. இன்னும் ஆறு வாரம் கழித்து மறுபடி. இந்த வரிசை யார் திரையில் முதலில் தெரியும்? பயிற்சி என்னவென்றால், அடுத்த சார்ட்டைத் திறந்துவிடுங்கள். கிளையன்ட் நம் தெய்வம். காம்ப்ளையன்ஸுக்கு எழுதலாம் என்று மனசு சொன்னால், அடுத்த அப்ரைசல் எந்த மாதம் என்று நினைத்துப்பாருங்கள்.

அமெரிக்காவில் பொய்யான பில்களுக்கு எதிராக 1863இல், உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கு மட்டமான சரக்கை விற்றவர்களைப் பிடிக்கப் போட்ட ஒரு சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அரசுக்கு ஆன நஷ்டத்தில் மூன்று மடங்கு, அதோடு ஒவ்வொரு பில்லுக்கும் தனி அபராதம். உள்ளிருந்து காட்டிக்கொடுப்பவருக்கு மீட்ட பணத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை பங்கு. அந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் நம் கையேட்டுக்கு ரொம்ப முக்கியம். தெரிந்தே செய்தது என்பதற்குள், வேண்டுமென்றே தெரிந்துகொள்ளாமல் இருந்ததும் அடங்கும். 'ஐயா, நான் படிக்கவே இல்லை' என்று நீங்கள் சொன்னால் அது வாதம் ஆகாது. வாக்குமூலம் ஆகும்.

12. பழைய புத்தகத்தை மாற்றாதீர்கள்

சர்டிஃபிகேஷன் தேர்வு நினைவிருக்கிறதா? நாலு மணி நேரம், நூறு கேள்விகள், கோடு புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதலாம். உங்கள் புத்தகம் அன்று எவ்வளவு அழகாக இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்பு, வண்ண வண்ண ஒட்டுச்சீட்டு. அப்படிப்பட்ட புத்தகத்தை அமெரிக்க மருத்துவச் சங்கம் வருஷா வருஷம் மாற்றுகிறது என்பதற்காக நீங்களும் மாற்றிவிடுவதா? விலை வேறு அதிகம்.

இந்தக் கையேட்டில் காலுக்குள் பலூனும் ஸ்டென்டும் வைக்க நான் நடத்திய எண்களெல்லாம் 37220 முதல் 37235 வரையிலான பதினாறில் அடங்கும். 2011இல் பிறந்தவை, பதினைந்து வருடம் நமக்குச் சோறு போட்டவை. நன்றாக மனப்பாடம் செய்துவிட்டீர்கள் அல்லவா? 2026 ஜனவரி 1 முதல் அந்தப் பதினாறும் நீக்கப்பட்டுவிட்டன. அந்த இடத்தில் 37254 முதல் 37299 வரை நாற்பத்தாறு எண்கள் வந்திருக்கின்றன. மூன்று பகுதிகள் நான்காகிவிட்டன, கணுக்காலுக்குக் கீழே பாதத்துக்குத் தனிப் பகுதி. அடைப்பு வெறும் குறுகலா, முழு அடைப்பா என்பதைப் பொறுத்து எண்ணே மாறுகிறது. முதல் படியில் படிக்க வேண்டாம் என்று சொன்னேனே, அதே வரி.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நானும் உங்களைப் போலத்தான், தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

பழைய எண்கள் 2025 டிசம்பர் 31 வரை சிகிச்சை முடிந்தவர்களுக்கு மட்டும் செல்லும். உங்கள் திரையில் இப்போது திறந்திருக்கும் சார்ட்டில் சிகிச்சை நடந்த தேதி என்ன? சரி, விடுங்கள். பார்க்க வேண்டாம்.